சிறிய காரின் பின்பக்க சஸ்பென்ஷன்: வீட்டில் எதைச் செய்யலாம், எதைப் பட்டறைக்கு விடலாம்

பெங்களூரில் ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்களுக்குப் பின்பக்கத்திலிருந்து எழும் ‘டக் டக்’ சத்தம் பழக்கமானதுதான். தெருவுக்குத் தெரு நிற்கும் வேகத்தடைகளும், மழை ஓய்ந்த பிறகு வெளிவட்டச் சாலையில் பிளந்து கிடக்கும் பள்ளங்களும் எந்தக் காரையும் விட்டுவைப்பதில்லை. சத்தம் வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஷாக் அப்சார்பரைப் புதிதாக மாற்றச் சொல்வார் ஒருவர். பழையதையே ரீகண்டிஷன் செய்தால் செலவு குறையும் என்பார் இன்னொருவர். ஸ்பிரிங்குக்கு ரப்பர் பஃபர் மாட்டினால் போதும் என்பார் மூன்றாமவர். இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளையான புஷ்தான் போயிருக்கிறது என்பார் மெக்கானிக். வீட்டு வாசலில் நாமே செய்துகொள்ளும் வேலை என்று பார்த்தால், இந்த நான்கில் முதலாவதை மட்டுமே நான் முழுமனத்தோடு பரிந்துரைப்பேன்.

அதற்கு முன் பழுது எதில் என்று தெரிந்தாக வேண்டும். டிக்கியைக் காலிசெய்து, ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டின் பூட்டு, சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் ஆகியவற்றை முதலில் ஆட்டிப் பாருங்கள். பாதிச் சத்தம் அங்கேயே பிடிபடுவதுண்டு. பிறகு டார்ச்சோடு சக்கரத்தின் பின்னால் குனிந்து ஷாக்கின் உடலைப் பார்க்க வேண்டும். லேசான ஈரப் படலம் இருந்தால் கவலையில்லை. எண்ணெய் கீழ்வரை வழிந்து, அதன்மேல் தூசி அப்பிக் கறுத்த சேறாக உறைந்திருந்தால் எண்ணெய் கசியாமல் உள்ளே தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். டயரின் மேல் கையை ஓட்டும்போது மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் தட்டுப்பட்டாலும் ஷாக்கின் மீது சந்தேகப்படலாம்.

புதிய ஷாக்கை வீட்டிலேயே மாற்ற முடிவதற்குக் காரணம் இந்தக் கார்களின் அமைப்பு. இவற்றின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கின்றன. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கோ, தன்னுள் இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. ஆகவே, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டுக்குத் தேவைப்படுவதுபோல ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஆபத்தான கருவி இங்கே தேவையில்லை. ஆனால், அச்சு கீழே தொங்கிவிடாமல் நிறுத்துவதும் இதே ஷாக்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. காரைத் தூக்கிவிட்டு, அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் ஷாக்கின் அடிப் போல்ட்டைக் கழற்றினால், அச்சு சரிந்து, ஸ்பிரிங் இடம்விட்டு நழுவி, பிரேக் ஹோஸ் இழுபடும். இன்னொரு ஜாக்கியை அச்சுக்குக் கீழே வைத்துத் தாங்கி, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

காரோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது, தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி, எஸ்.பி. ரோட்டில் கிடைப்பது, இந்த வேலைக்குக் கட்டாயம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது என்பதால், பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை. முதல் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பதே காப்பு. அல்சூரின் சரிவான சந்துகளில் இருப்பவர்கள் சமதளம் கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கம்பெனி ஒரிஜினலும், கேப்ரியல், மன்றோ போன்ற பெயர்களும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள்; ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் பள்ளத்தில் வண்டி ஒருபுறமாக உதறும். மாட்டும் முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, சில முறை முழுதாக இழுத்து அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நட்டை முடுக்கும்போது ஷாக்கின் பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் புதிய சீலைச் சில மாதங்களில் அறுத்துவிடும். ரப்பர் புஷ் வழியாகப் போகும் அடிப் போல்ட்டை, சக்கரம் தரையில் அமர்ந்து வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துபோகும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூட அவசரத்தில் விட்டுவிடும் படி இது.

ரீகண்டிஷன் செய்வதை மலிவு என்கிறார்கள். குழாயைத் திறந்து, சீலை மாற்றி, எண்ணெய் நிரப்பி, மீண்டும் வெல்டிங் வைத்துத் தருவார்கள். ஆனால், உள்ளே தேய்ந்துபோன பிஸ்டனும் வால்வும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், முதலில் இருந்த வாயு அழுத்தம் திரும்ப வருவதும் அரிது. புதிய உதிரிபாகம் கிடைக்காத பழைய வண்டிக்கு இதைத் தவிர வழியில்லை என்றால் ஏற்கலாம். ஆல்டோவுக்கோ ஸ்விஃப்ட்டுக்கோ தேவையே இல்லை.

ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் செருகும் பஃபரை நான் வேண்டாம் என்றே சொல்வேன். அது வண்டியைச் சற்று உயர்த்திக் காட்டுகிறது, உண்மைதான். ஆனால், ஒரு சுருளை வேலை செய்யவிடாமல் தடுப்பதால் ஸ்பிரிங் விறைக்கிறது; அந்த விறைப்பை அடக்க ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கால் முடிவதில்லை. ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுவதுதான் முறை.

புஷ் விஷயத்தில் காருக்குக் கார் பதில் மாறுகிறது. பழைய ஆல்டோவின் பின் அச்சை இரண்டு நீளவாட்டுக் கைகளும் ஒரு குறுக்குக் கம்பியும் பிடித்திருக்கின்றன. கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிரஸ் உள்ள லேத் பட்டறையில் புஷ்ஷை மாற்றிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டலாம். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல்நாள் இரவே துருவை இளக்கும் டபிள்யூடி-40 அடித்து வைத்தால் போதும். ஸ்விஃப்ட்டில் இருப்பது, இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான டார்ஷன் பீம் என்ற அச்சு. அதன் முன்முனைப் புஷ்ஷை எடுக்க அச்சையே இறக்க வேண்டும். பிரேக் குழாய்களையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பிரித்து, முடிவில் பிரேக்கில் காற்றெடுக்கவும் வேண்டும். அந்தப் புஷ்ஷுக்குக் குறிப்பிட்ட திசையும் உண்டு, திருப்பி ஏற்றினால் அச்சின் அசைவே மாறிவிடும். இதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் எந்திரத்தில் பின்சக்கரங்களின் கோண அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பீம் அச்சில் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை என்பதால், புதுப் புஷ் ஏற்றிய பிறகும் அளவு விலகியே இருந்தால் அடுத்துச் சோதிக்க வேண்டியது பீம் வளைந்திருக்கிறதா என்பதையே.