ஒரே லாக்கா, கோருக்கு ஒரு வரிசையா?

லாக் (ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் பூட்டு) என்றதும் காத்திருப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் பிராசசரின் கோர்கள் கூடக்கூட, இயங்குதளத்தின் மையமான கெர்னல் திணறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: லாக் இருக்கும் கேஷ் லைன் (கோர்கள் தங்கள் வேக நினைவகத்தில் நகலெடுத்து வைக்கும் சிறு நினைவகத் துண்டு), ஒவ்வொரு கோரும் அதில் எழுதும்போது கோருக்குக் கோர் அலைகிறது. பல கோர்கள் ஒரே சாதனத்தை மோதாமல் அணுகும் வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மிகப் பழைய வழி, கெர்னல் முழுவதற்கும் ஒரே லாக். 1996-இல் வந்த லினக்ஸ் 2.0 அப்படித்தான் பல பிராசசர்களைச் சமாளித்தது. எழுதுவது எளிது, தவறு குறைவு. கழற்றுவதுதான் பாடு. டிரைவர்களின் ஓபன் (சாதனத்தைத் திறப்பது), ஐஓசிடிஎல் (அதற்குக் கட்டளை அனுப்புவது) அழைப்புகள் வெகுகாலம் அதன் நிழலில் ஓடின. எந்த டிரைவர் தன்னையறியாமல் அதை நம்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டியிருந்தது. 2011-இல் 2.6.39 வந்தபோதுதான் அது முழுசாக ஒழிந்தது.

அடுத்தது, சாதனத்துக்கு ஒரு லாக். தூங்க வேண்டிய இடத்தில், அதாவது பிராசசரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும் இடத்தில், ம்யூடெக்ஸ்; சாதனம் குறுக்கிட்டதும் ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொடும் இடத்தில், தூங்காமல் சுற்றிச்சுற்றிப் பார்க்கும் ஸ்பின்லாக். சீரியல் போர்ட் போன்ற மெதுவான சாதனத்துக்கு இதற்கு மேல் யோசிப்பது வீண். சரி, ஒரே வேகமான டிஸ்க்கை எல்லாக் கோர்களும் மொய்த்தால்? பழைய சிக்கலே சின்ன அளவில் திரும்பி வரும்.

பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம், எழுதுபவர் மட்டும் தனியாக என்ற ரீடர்-ரைட்டர் லாக்குக்குச் சிலர் தாவுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படிக்க மட்டுமே வந்தவரும் உள்ளே நுழைய, படிப்பவர்களின் எண்ணிக்கையை மாற்றியாக வேண்டும். அதாவது பொதுவான கேஷ் லைனில் எழுத வேண்டும். வேலை சின்னதாக இருந்தால் ஸ்பின்லாக்கை விடப் பெரிய லாபம் கிடைக்காது.

ஆர்சியு (படிப்பவர் லாக் இல்லாமல் படிப்பார்; மாற்றுபவர் பழையதைப் படிப்பவர்கள் முடிக்கும்வரை காத்து அதை நீக்குவார்) அந்த எழுத்தையே தவிர்க்கிறது. சாதனப் பட்டியலைத் தேடுவது அடிக்கடி, சாதனத்தைப் பிடுங்குவது எப்போதாவது. இந்தப் போக்குக்கு அது கச்சிதம். சிக்கல், வழக்கமான ஆர்சியு வாசிப்புக்குள் காத்துக்கிடக்க முடியாது, சாதன வேலையோ காத்திருப்பே. எனவே ஆர்சியுவின் தூங்க விடும் வகையான எஸ்ஆர்சியு, இல்லையென்றால் சாதனத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்ட். அந்த எண்ணிக்கையை எல்லாக் கோர்களும் மாற்றும் ஒரே அட்டாமிக் எண்ணாக (இடையூறின்றி ஒரே படியில் மாறும் எண்) வைத்தால் வாசல் வழியே விரட்டிய கேஷ் லைன் ஜன்னல் வழியே வந்துவிடும். கோருக்குக் கோர் தனியாக எண்ணுவது நல்லது.

வேகமான சேமிப்புச் சாதனம் என்றால் என் ஓட்டு, கட்டளைகளைப் பிரித்து அனுப்பும் பல வரிசை முறைக்கு. சாட்டா டிஸ்க்குகளுக்கான ஏஹெச்சிஐ இடைமுகத்தில் ஒரு போர்ட்டுக்கு 32 கட்டளை கொண்ட ஒரே வரிசை. வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ 65,535 வரிசைகள் வரை அனுமதிக்கிறது. மென்பொருள் பக்கம் ஒரே லாக் இருந்தால் இவ்வளவும் வீண். 2014 ஜனவரியில் லினக்ஸ் 3.13-உடன் வந்த பிளாக்-எம்க்யூ என்ற கெர்னல் பகுதி, கோருக்கு ஒரு மென்பொருள் வரிசை கொடுத்து அவற்றை வன்பொருள் வரிசைகளோடு இணைத்தது. 2019-இல் 5.0 வந்தபோது பழைய ஒற்றை வரிசைப் பாதை நீக்கப்பட்டது. வன்பொருளிலேயே ஒரு வரிசைதான் என்றால் இதனால் பெரிய மாற்றம் இருக்காது.

எதை எடுப்பதானாலும் முதலில் அளந்து பாருங்கள். கெர்னலின் லாக்ஸ்டாட் கருவி காட்டுவது லாக் தகராறை மட்டும்தான். அட்டாமிக் எண்ணி ஒன்று கேஷ் லைனை அலைக்கழித்தால் அதில் தெரியாது. அதற்கு, கேஷ் லைன் அலைவதைக் காட்டும் பெர்ஃப் சி2சி கருவியை ஓட்ட வேண்டும்.