வால்ஐ மீனுக்குக் குறைந்தபட்ச நீளமா, இடையளவுத் தடையா?

வால்ஐ (walleye) வட அமெரிக்க நன்னீர் மீன். தூண்டிலில் பிடித்ததில் எதை எடுக்கலாம், எதை ஏரியில் திரும்ப விட வேண்டும் என்பதற்கான இரு விதிகளை ஒப்பிடுகிறோம். குறைந்தபட்ச நீள விதி சொல்ல எளிது: 15 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் திரும்ப விடு. பலகையில் ஒரு வரி போதும். குஞ்சு வரத்து குறைவாகவும் வளர்ச்சி வேகமாகவும் உள்ள ஏரிக்கு இது பொருந்தும். ஆனால் இரை போதாத ஏரியில் 13, 14 அங்குல மீன்களே குவிந்து கிடக்கும். அளவைத் தாண்டும் ஒவ்வொன்றும் உடனே கரையேறிவிடும்.

இடையளவுத் தடை என்பது இரண்டு நீளங்களுக்கு இடைப்பட்ட மீனை விட்டுவிட வேண்டும் என்ற விதி. அது முட்டையிடும் பெரிய பெண் மீன்களைக் காக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வடபகுதி ஏரிகள் பலவற்றில் 20 முதல் 24 அங்குலம் வரை தொடக்கூடாது. குஞ்சுகள் நன்றாக வரும் ஏரிக்கு எங்கள் தேர்வு இதுதான். ஆனால் மக்கள் சிறியவற்றை எடுத்துச் சாப்பிட வேண்டும். அவற்றையும் விட்டுவிட்டால் நெரிசல் குறையாது.

சிக்கல் அறிவிப்பில்தான். 2019 மே மாதம் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் 21–23 அங்குலம் என்பது எடுக்கலாம் என்ற அளவு. விஸ்கான்சினில் 20–24 விடவேண்டிய அளவு. எண்களை மட்டும் அச்சிட்டால் ஆள் தலைகீழாகப் படிப்பார். "வைத்துக்கொள்", "விட்டுவிடு" என்ற சொல்லை எண்ணுக்கு முன்னால் போடுங்கள். அளக்கும் முறையைப் படமாகக் காட்டுங்கள்: வாய் மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, தட்டையான பலகையில்.

இரண்டு விதியிலும் ஒரு இழப்பு உண்டு. கோடையின் வெதுவெதுப்பான நீரில் தூண்டிலை விழுங்கிய மீன், விட்ட பிறகும் செத்துப்போகலாம். தூண்டில் முள் தொண்டை ஆழத்தில் இருந்தால் பிடுங்காமல் தூண்டில் கயிற்றை வெட்டிவிடுங்கள்.