ஆர்கானிக் மேப்ஸ்: கணக்கு கேட்காத வரைபடம் சென்னைக்குச் சரிப்படுமா?

நடந்து போக, டூ வீலரில் போக ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி தாராளமாகப் போதும். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓ.எம்.ஆரில் காரை இறக்குகிறவருக்குப் போதாது. எங்கே நெரிசல் என்று அதற்குத் தெரியாது. கூகுள் மேப்ஸில் அண்ணா சாலை சிவப்பாகத் தெரிகிறதென்றால், அங்கே நிற்கிற ஃபோன்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான். உங்கள் ஃபோனும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆர்கானிக் மேப்ஸ் யாரிடமும் இதைக் கேட்பதில்லை. லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. தமிழ்நாட்டு வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் தேடுவது, வழி போடுவது எல்லாம் ஃபோனுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

வரைபடத் தகவல், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து வருகிறது. 2004இல் தொடங்கி, தன்னார்வலர்கள் தெருத் தெருவாக வரைந்து சேர்த்தது. செயலி, மேப்ஸ்.மீ என்ற பழைய வரைபடச் செயலியின் வாரிசு. 2020இல் மேப்ஸ்.மீ கைமாறி அதன் முகமே மாறிப்போனதும், அதை முதலில் உருவாக்கியவர்களே பழைய திறந்த நிரலை எடுத்து 2021இல் இதை வெளியிட்டார்கள். நிர்வாகச் சண்டையில் 2025இல் இதிலிருந்தும் கோமேப்ஸ் என்று ஒன்று பிரிந்தது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலும், திறந்த நிரல் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு என்ற கடையிலும் கிடைக்கிறது. பிளே ஸ்டோரிலிருந்து போட்டால், செயலியின் செட்டிங்ஸில் கூகுளின் பின்னணிச் சேவையான கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக இடம் கண்டுபிடிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். முதல் வேலையாக அதை அணையுங்கள். எஃப்-டிராய்டு பதிப்பில் அந்தத் தொல்லையே இல்லை. லொகேஷன் பர்மிஷனில் ‘ஆப் பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். ஆனால் துல்லிய இடத்தை அணைக்காதீர்கள். அணைத்தால் ஆண்ட்ராய்டு சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ ஓரிடத்தைக் கொடுக்கும். நீங்கள் மயிலாப்பூர் குளக்கரையில் நிற்க, புள்ளி மந்தைவெளியில் நிற்கும். அந்தத் தோராயம் சாப்பாட்டு ஆப்புக்கும் வானிலை ஆப்புக்கும் சரி, வழிகாட்டிக்கு உதவாது.

நிறையப் பேர் முதல் நாளே செயலியை அழித்துவிடுவது, தாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி வருவதற்குள் பொறுமை போய்விடுவதால். டேட்டாவை அணைத்தாலும், ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும்; ஃபோன் சாட்டிலைட் சிக்னலை வாங்கத்தான் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும், குறைந்தது நான்கு சாட்டிலைட்டாவது வேண்டும். நெட் இருந்தால் இதே விவரத்தை ஃபோன் நொடியில் இறக்கிக்கொள்கிறது. இல்லாதபோது வானத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும், நடுவில் சிக்னல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ரங்கநாதன் தெரு மாதிரி இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கும் இடத்தில் ஆப்பைத் திறந்துவிட்டுத் திட்டுவதில் பிரயோஜனமில்லை. கிளம்பும்போதே மொட்டை மாடியிலோ வெட்டவெளியிலோ இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். அடுத்த ஓரிரண்டு மணி நேரத்துக்கு அந்த விவரம் உதவும்.

தேடல்தான் பலவீனம். சென்னையில் கதவுக்குக் கதவு புது எண், பழைய எண் என்று இரண்டு எழுதியிருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே இல்லை. ‘புது எண் 14, பழைய எண் 37’ என்று அப்படியே ஒட்டினால் ஒன்றும் வராது. எண்ணை எடுத்துவிட்டுத் தெருப்பெயரும் பேட்டையும் மட்டும் போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சாலையின் இன்னொரு பெயரையும் போட்டுப் பாருங்கள்: பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் சாலை, எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. தமிழில் தேடினால், அந்த இடத்துக்கு யாராவது தமிழ்ப் பெயர் சேர்த்திருந்தால்தான் வரும். ‘திருவல்லிக்கேணி’ என்று தேடி வராதது ‘ட்ரிப்ளிகேன்’ என்று தேடினால் வரலாம்.

கல்யாணப் பத்திரிகையோடு வருகிற கூகுள் லிங்க் அடுத்த தலைவலி. சுருக்கிய லிங்கில் இடம் எழுதியிருக்காது, கூகுள் சர்வரில் போய் விரித்தால்தான் தெரியும். லாகின் செய்யாத பிரைவேட் டேபில், டெஸ்க்டாப் சைட் பார்வையில் திறந்து, விரிந்த முகவரியைப் பாருங்கள். @ குறிக்குப் பிறகு வரும் இரண்டு எண்கள் திரையின் நடுப்புள்ளி மட்டுமே; மண்டபம் அதிலிருந்து தள்ளி இருக்கலாம். கொஞ்சம் தள்ளி, ஆச்சரியக்குறி போட்டு 3டி (!3d) என்பதற்குப் பிறகு வருவதும் அதையடுத்து 4டி (!4d) என்பதற்குப் பிறகு வருவதும்தான் மண்டபத்தின் சரியான எண்கள். இரண்டையும் நடுவில் காற்புள்ளி வைத்துத் தேடல் பெட்டியில் போட்டால் நேராகப் போய் நிற்கும். 13.04, 80.23 என்று வந்தால் தி.நகர் பக்கம். வரிசையை மாற்றிப் போட்டால் மண்டபம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும்.

பஸ்ஸுக்கு வழி கேட்காதீர்கள், மாநகரப் பேருந்து எண்கள் இதில் வராது. மழைக்காலத்தில் கவனம் வேண்டும்: துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலும் வழி அதற்குள்ளேதான் போகும். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சாலையும் அப்படித்தான். யாராவது வரைபடத்தில் மாற்றி, அது அடுத்த பதிப்பில் சேர்ந்து, நீங்களும் அதை இறக்கின பிறகுதான் தெரியும். நெரிசல் பார்த்தே ஆகவேண்டுமென்றால் அதே பிரைவேட் டேபில் கூகுள் மேப்ஸைத் திறந்து, லொகேஷன் கேட்டால் மறுத்துவிட்டு, புறப்படும் இடமாக வீட்டைப் போடாமல் ‘வடபழனி சிக்னல்’ என்று போடுங்கள். சிவப்பு எங்கே என்று தெரிந்தால் போதுமே.

இவ்வளவும் செய்துவிட்டு கூகுள் கணக்கை அப்படியே விட்டால் பாதி வேலைதான். போன இடங்களைப் பதிந்துவைக்கும் டைம்லைனை அணைத்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி என்று தனியாக ஒன்று இருக்கிறது, தேடலோடு இடத்தையும் அது சேமிக்கக்கூடும். லொகேஷன் அமைப்புகள் பயனர்களைத் தவறாக எண்ணவைத்தன என்ற வழக்கில் கூகுள் 2022இல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இரண்டையும் அணையுங்கள், பழையதை 3 மாதத்தில் தானாக அழியும்படி வையுங்கள். சிம் போட்ட ஃபோன் எந்த டவரில் இருக்கிறது என்பது செல் நிறுவனத்துக்குத் தெரியத்தான் செய்யும், அதை எந்த வரைபடமும் மறைக்காது.

விவரமானவர்களே கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. விட்டுப்போன கடையையோ தெருப்பெயரையோ செயலியிலிருந்தே திருத்தலாம், நல்ல வசதி. ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார், எப்போது, எங்கே திருத்தினார் என்பது உலகத்துக்கே தெரியும். சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கி, வரிசையாக உங்கள் தெருவையே திருத்தினால், வீடு எங்கே என்று சொன்ன மாதிரிதான். புனைபெயர் வையுங்கள், பக்கத்துப் பேட்டைகளையும் சேர்த்துத் திருத்துங்கள்.

குறித்துவைத்த இடங்கள் எல்லாம் ஃபோனில் மட்டுமே இருக்கின்றன. ஆப்பை அழித்தால் அவையும் போகும், லாகின் செய்து மீட்க வழியில்லை. ஃபோன் மாற்றுவதற்கு முன் புக்மார்க் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் உங்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், டாக்டர் கிளினிக் எல்லாம் பெயரோடு இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.