திருப்பூர்ல நான் போன பிசினஸ் இங்கிலீஷ் க்ளாஸ்: தேதி எழுதறதுக்கே மூணு ஞாயிறு

எட்டு ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணில இருந்து ஒரு மணி வரைக்கும், ஃபீஸ் 3,500 ரூபா. அவினாசி ரோட்டுல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடில நடக்குது. வர்றவங்க முக்காவாசி எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசருங்க, அதாவது பையர் கிட்ட பேசி ஆர்டர கவனிச்சுக்கறவங்க, மீதி ஏற்றுமதி பேப்பர் வேலை பாக்கற டாக்குமெண்டேஷன் ஆளுங்க. நான் போன மாசம் முடிச்சேன், நம்ம லைன்ல இருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

நான் சேந்ததுக்கு காரணம் ஒரே ஒரு தேதிங்க. அமெரிக்கா பையர் ஒருத்தர் பிபி சாம்பிள் (மொத்த சரக்கு தைக்கறதுக்கு முன்னாடி காட்டற மாதிரி பீஸ்) 05/06க்குள்ள கைக்கு வரணும்னு மெயில் போட்டிருந்தார், நாங்க எல்லாரும் ஜூன் 5னு படிச்சோம், அவர் சொன்னது மே 6. அவங்க ஊர்ல மாசம் முன்னாடி, தேதி பின்னாடி. மே 7 "சாம்பிள் எங்க"ன்னு மெயில் வர்றப்போ துணி டையிங்ல இருந்தே வரல. கடைசில சரக்குல பாதிய ஃப்ளைட்ல ஏத்தி அனுப்பினோம், அந்த செலவு எங்க தலைல. இத்தன வருஷம் வேலை பாத்தும் "இது எந்த மாசம்"னு ஒரு வார்த்தை திருப்பி கேக்க தோணலயேன்னு ரொம்ப நாள் மனசு அடிச்சுக்கிச்சு.

க்ளாஸ் எடுக்கற மேடம் இருபது வருஷம் எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன்ல இருந்தவங்க. மொத ஞாயிறு போர்டுல "வீ வில் சென்ட் த சாம்பிள் பை நெக்ஸ்ட் ஃப்ரைடே"ன்னு எழுதிட்டு, இன்னிக்கு செவ்வாய்க்கிழமைன்னு வெச்சுக்கோங்க, எந்த வெள்ளின்னு புரியுதோ துண்டு சீட்டுல எழுதி குடுங்கன்னாங்க. பன்னெண்டு பேர்ல ஏழு பேரு அதே வாரத்து வெள்ளி, அஞ்சு பேரு அதுக்கடுத்த வெள்ளி. "ஒரே ஊர்க்காரங்க உங்களுக்குள்ளயே ஒத்து வரல பாருங்க"ன்னு சீட்ட எல்லாம் மேசைல பரப்பி காட்டினாங்க. இங்கிலீஷ தாய்மொழியா பேசறவங்களுக்கே இந்த நெக்ஸ்ட்ல குழப்பம் உண்டாம். அப்புறம் அத அழிச்சுட்டு "ஃப்ரைடே, 14 ஜூன் 2024, 5 பிஎம் இந்தியா டைம்"னு எழுதினாங்க. கிழமையும் தேதியும் சேத்து போடறது எதுக்குன்னா, ரெண்டுல ஒண்ண தப்பா அடிச்சிருந்தா இன்னொண்ணோட ஒத்து வராது, படிக்கறவர் உடனே கேட்டுருவார். மாசத்த எழுத்துல போட்டுட்டா 05/06 தொல்லையே இல்ல. ஃபைல் பேருக்கு மட்டும் 2024-06-14ன்னு வருஷம், மாசம், தேதி. இது ஐஎஸ்ஓ 8601ன்னு தேதி எழுத உலகத்துக்கே பொதுவா வெச்ச முறை, ஃபோல்டர்ல தானா தேதி வரிசைல நிக்கும்.

ரெண்டாவது ஞாயிறு பை, அண்டில்ங்கற ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை. நம்ம தமிழ்ல இது எவ்ளோ தெளிவா இருக்குன்னு அன்னிக்கு தான் கவனிச்சேன். "வெள்ளிக்குள்ள அனுப்பறேன்"னா பை, "வெள்ளி வரைக்கும் ஆஃபீஸ்ல இருப்பேன்"னா அண்டில், எந்த தமிழனும் இத மாத்தி சொல்ல மாட்டான். ஆனா இங்கிலீஷ்னு வந்துட்டா எல்லாத்துக்கும் டில் போட்டுடறோம். மெயில் எழுதறப்போ மனசுல குள்ளயா, வரைக்குமான்னு கேட்டுக்கோங்கன்னாங்க, அதுல இருந்து எனக்கு ஒரு தடவ கூட தப்பல. அதே மாதிரி ப்ரீபோன்ங்கற (தேதிய முன்னாடி கொண்டு வர்றது) வார்த்தை இந்தியாவுல தான் புழக்கம், வெளியூர் பையருக்கு சட்டுன்னு புரியாம போலாம், அதனால "12 ஜூன்ல இருந்து 10 ஜூனுக்கு மாத்தறோம்"னு ரெண்டு தேதியும் போட்டு எழுத சொன்னாங்க.

குடுத்த காசு மொத்தமும் தகும்னு எனக்கு தோணினது மூணாவது ஞாயிறு, எல்சி, அதாவது பேப்பரெல்லாம் சரியா இருந்தா பணம் தர்றோம்னு பையரோட பேங்க் குடுக்கற லெட்டர் ஆஃப் க்ரெடிட். 2007ல இருந்து நடைமுறைல இருக்கற, எல்சிக்கு பேங்குங்க பாக்கற யுசிபி 600 விதிகள்ல தேதி வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் வரையறுத்து வெச்சிருக்காங்க, எனக்கு தெரியவே தெரியாது. எல்சில ஷிப்மெண்ட் "ஆன் ஆர் அபவுட் 10 ஜூலை"ன்னு இருந்தா அஞ்சு நாள் முன்னாடில இருந்து அஞ்சு நாள் பின்னாடி வரைக்கும், அதாவது ஜூலை 5 முதல் 15 வரை, ரெண்டு நாளும் சேத்தி. "பிகினிங் ஆஃப் ஜூலை"ன்னா 1 முதல் 10, மிடில்னா 11 முதல் 20, எண்ட்னா 21ல இருந்து மாசக் கடைசி. ஷிப்மெண்ட் காலத்துக்கு டில், அண்டில், ஃப்ரம்னு வந்தா அந்த தேதியும் சேரும், பிஃபோர், ஆஃப்டர்னா சேராது. இதே ஃப்ரம் பணம் வர வேண்டிய மெச்சூரிட்டி தேதிய கணக்கு பண்றப்போ அந்த நாள சேக்காது! ஒரே வார்த்தை, ரெண்டு எடத்துல ரெண்டு கணக்கு. ப்ராம்ட், இமீடியட்லி, ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் இதெல்லாம் எல்சில இருந்தாலும் பேங்க் கண்டுக்காது. நாங்க பழைய எல்சி காப்பி ஒண்ண வெச்சு பென்சில்ல கோடு போட்டு போட்டு பாத்தோம், மணி ஒண்ணரை ஆனதே தெரியல.

குறைன்னா, டைம் ஸோன இருபது நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. பையர் "ஈஓடி"ன்னு (எண்ட் ஆஃப் டே, நாள் முடியறதுக்குள்ள) போட்டா யாரோட நாள் முடியறப்போ? நியூயார்க் சாயங்காலம் 5 மணின்னா நமக்கு மறுநாள் விடியக்காலை 2.30, குளிர்காலத்துல 3.30. அவங்க கடிகாரத்த மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாத்தறாங்க, லண்டன்ல மார்ச் கடைசி ஞாயிறு, நடுவுல உள்ள வாரங்கள்ல தான் மீட்டிங் எல்லாம் தப்பும், இதுக்கு ஒரு முழு க்ளாஸ் வேணும். போன்ல பேசற பழக்கமும் பத்தல. தர்ட்டீன்த், தர்ட்டியத் ரெண்டும் போன்ல ஒண்ணு மாதிரியே கேக்குது, நானா "ஒன் த்ரீ, தர்ட்டீன்த்"னு எண்ண பிரிச்சு சொல்லி, கால் முடிஞ்ச ஒடனே மெயில்லயும் போட்டுடறேன். மேடம் கிட்ட சொன்னேன், அடுத்த பேட்ச்ல சேக்கறேன்னாங்க.

இங்கிலீஷ் சரளமா பேச வரணும்னு நெனச்சு போறவங்களுக்கு இது ஒத்து வராது, எட்டு வாரத்துல அது நடக்கவும் நடக்காது. மெர்ச்சண்டைசிங்ல புதுசா சேந்த பசங்க கண்டிப்பா போங்க. முன் பெஞ்சுல உக்காருங்க, ரோட்டு பஸ் ஹாரன்ல பின்னாடி ஒண்ணும் கேக்காது. போறப்போ உங்க கம்பெனி பழைய மெயில் நாலு ப்ரிண்ட் எடுத்துட்டு போங்க, பேர அழிச்சுட்டு, மேடம் அத வெச்சே பாடம் எடுப்பாங்க.