பாலிஷில் சுழல் கீறல் போக: கையா, ரோட்டரியா, டிஏ மெஷினா?

எங்கள் பக்கம் எந்தக் காரின் டிக்கியைத் திறந்தாலும் ஒரு பிடி பனியன் வேஸ்ட் இருக்கும். திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைக்கிற துணி. காலையில் எழுந்ததும் அதை எடுத்து வண்டியை ஒரு துடை துடைத்தால்தான் பலருக்கு மனசு ஆறும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் மாதங்களில் பல்லடம், தாராபுரம் பக்கம் ஒரே ராத்திரியில் பானட்டில் புழுதி படிந்துவிடும். காய்ந்த மண்மேல் காய்ந்த துணி. என் கருநீலக் காரில் மூன்று வருடம் இதைத்தான் செய்தேன். ஒரு நாள் உச்சி வெயிலில் பெட்ரோல் பங்கில் நின்று பார்த்தால் பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல்.

கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வட்டம் போட்டதுபோலத் தெரிகிறது. வெள்ளை வண்டியிலும் இதே அளவு இருக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான்.

எந்த வழியில் போவதானாலும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறது. இழைத்த கோட் திரும்ப வராது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் "பாலிஷ் போட்டுருங்க" என்று சொல்லும் பழக்கத்தை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் விடச் சொல்வது இதனால்தான்.

வாட்டர் வாஷில் கடைசியாகப் பூசிவிடும் பளபளப்பு கிரீம் போட்டியிலேயே இல்லை. அது கீறலுக்குள் எண்ணெய்ப் பசையை நிரப்பி மறைக்கும். நாலு தடவை கழுவினால் வலை திரும்பி வரும்.

கையால் காம்பவுண்ட் (பாலிஷைவிடக் கரகரப்பான பேஸ்ட்) போட்டுத் தேய்ப்பது கதவுக் கைப்பிடிக் குழியில் நகம் பட்ட கோடுகளுக்குச் சரி. பானட் முழுவதற்கும் வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் விரல் அழுத்தம் சீராக இருக்காது, அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும்.

உண்மையான போட்டி ரோட்டரி, டிஏ (டூயல் ஆக்‌ஷன்) என்ற இரண்டு பாலிஷ் மெஷின்களுக்கும்தான். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வெட்டு வேகம் அதிகம், சூடும் அதிகம். பானட் மடிப்பு, கதவு ஓரம் போன்ற இடங்களில் கோட் மெலிசாக இருக்கும். அங்கே கொஞ்சம் நின்றாலும் நிறம் வரை போய்விடும். என் வண்டியை முதலில் கொடுத்த இடத்தில் ரோட்டரியில் கம்பளிப் பேடு மாட்டி அரை மணி நேரத்தில் முடித்தார்கள். நிழலில் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயிலுக்கு வந்ததும் பழைய வலை போய், மெஷின் போன தடமெல்லாம் அலை அலையாகத் தெரிந்தது. ஹோலோகிராம் என்பார்கள். வெட்டியதோடு நிறுத்தி, மெல்லிய பாலிஷில் ஃபினிஷிங் ஓட்டாமல் விட்டதன் விளைவு.

அதற்காக ரோட்டரியைக் குறை சொல்ல மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் ஓட்டுவதைப் பார்த்தேன். எல்லா மடிப்பிலும் மாஸ்கிங் டேப். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்ப்பார். "கை தாங்கற சூடு வரைக்குந்தானுங்க ஓட்டோணும். அதுக்கு மேல போனா ஆற உட்ருவேன்" என்றார். அப்படிப்பட்ட கை கிடைத்தால் ஆழமான கீறலுக்கு ரோட்டரிதான் சிறந்தது.

டிஏவில் பேடு சுற்றிக்கொண்டே அச்சு விலகியும் ஆடும். சூடு பரவிப்போகும், ஓரளவு கவனம் இருந்தால் பெயின்ட்டை எரிப்பது கடினம். ஆனால் நேரம் பிடிக்கும். எனக்கு பானட்டுக்கு மட்டும் ஒரு முழுக் காலை ஆனது. பேடு மாட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதிகம் அழுத்தினால் பேடு சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். அந்தக் கோடு நகராமல் நிற்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் கழுவி, கிளே பார் என்று கார் கடையில் விற்கும் களிமண் கட்டியால் ஒட்டிய அழுக்கை எடுத்து, ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் மெல்லிய பாலிஷும் ஃபோம் பேடும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். போகவில்லையென்றால்தான் காம்பவுண்ட். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்; எண்ணெய்ப் பசை மறைத்த கீறல்கூட அப்போது வெளியே வரும்.

குறுக்கே நகத்தை ஓட்டினால் மாட்டுகிற கீறலுக்கு இரண்டு மெஷினும் வேண்டாம், டச்-அப் பெயின்ட்தான். பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்: ஒன்று கிளியர் கோட் இல்லாத பழைய பெயின்ட், இல்லை கோட் தீர்ந்துவிட்டது.

சொந்தமாகச் செய்பவருக்கு என் ஓட்டு டிஏவுக்கே. பட்டறையில் கொடுப்பதானால், அவர்கள் முடித்த ஒரு கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். போர்வெல் சப்பத் தண்ணியில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்புப் புள்ளி விழும், அதனால் இப்போதெல்லாம் இரண்டு வாளி (ஒன்று சோப்புத் தண்ணிக்கு, ஒன்று துணி அலச), மைக்ரோஃபைபர் துணி, ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுப்பது. பனியன் வேஸ்ட் டயர் துடைக்க மட்டும்.