லைன் கவுண்டர் ரீல்: பதினஞ்சு நாள் சம்பளம் குடுத்து வாங்குனது சரியா?

மீன் புடிக்கிற தூண்டிலுக்கு லைன் கவுண்டர் ரீல் வாங்கப் போறேன்னு வீட்டுல சொன்னதுமே எங்க பெரியப்பா, "ஏன்டா லயத்த எண்ணுறதுக்கு ஒரு மிசினா, நம்ம டிவிசன்ல மொத்தமே ஆறு லயந்தானடா"ன்னாரு. அவருக்கு லைன்னா தோட்டத்து வரிசை வீடான லயம், எனக்கு லைன்னா தூண்டில் நூலான தங்கூசி. அப்புறம் உக்காந்து வெளக்கமா சொன்னேன், போட்ட, அதாவது படக, மெதுவா ஓட்டிக்கிட்டே பின்னாடி லூர (பொய் இரைய) இழுத்துட்டுப் போறதுதான் ட்ரோலிங், அதுல எத்தன அடி நூல் வெளிய போயிருக்குன்னு ரீலு மேலயே நம்பர் காட்டும், 80 அடியில ஒரு மீன் கடிச்சா அடுத்த தடவையும் கரெக்டா 80 அடி விடலாம், கண்ணால குத்துமதிப்பா பாத்துட்டு இருக்க வேணாம்னு. "மீன் வந்து அதே எடத்துல நிக்குமா"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான், ஆனா ட்ரோலிங்ல எடத்த விட ஆழந்தான் முக்கியம், முன்னாடி தகடு வச்ச லூரு நூல் எவ்வளவு விடுறமோ அதுக்கேத்த மாதிரி கீழ எறங்கும், ஒரு அளவுக்கு மேல எறங்காது. அந்த அளவு லூருக்கு லூரு, நூலு தடிப்புக்கு, போட்டு வேகத்துக்குன்னு மாறும். அதனால கவுண்டர்ல வர்ற நம்பர ஆழம்னு நெனைக்காதீங்க, அது வெளிய போன நூலு மட்டுந்தான். நானும் மொதல்ல அப்படி நெனச்சவன்தான்.

நான் வாங்குனது ரெண்டு. மொதல்ல ஆன்லைன்ல பாத்து, போட்டோவுல நல்லா பளபளன்னு இருக்கேன்னு ஒன்னு வாங்குனேன், கம்பெனி பேர சொல்லல, எனக்கு வந்த பீஸ் மட்டும் அப்படியான்னும் தெரியல. மழ நாளு காலையில மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு எடுத்துட்டுப் போனா, அரை மணித்தியாலத்துல கவுண்டர் கண்ணாடிக்கு உள்பக்கமா பனி புடிச்சிருச்சு. வெளிய தொடச்சா போகுமா, உள்ளல்ல இருக்கு. எங்க ஊரு இலங்கை மலையகத்துல மஸ்கெலியா, வருசத்துல பாதி நாளு மிஸ்ட்டுக்குள்ளதான் இருக்கோம், இங்க பனி புடிக்கிற கவுண்டர வச்சி என்ன பண்றது சொல்லுங்க. அரிசி டப்பாக்குள்ள ரெண்டு நாளு புதைச்சு வச்சேன், அம்மா சோறாக்கப் போயி கைய விட்டு ரீல எடுத்து... அத விடுங்க. அரிசியில கொஞ்சம் தெளிஞ்சிச்சு. பொறுமையில்லாம அடுப்புக்கு மேல காய வச்சேன், அது முழுக்க என் முட்டாத்தனம், பிளாஸ்டிக் நெளிஞ்சு இப்ப 3 எல்லாம் 8 மாதிரி தெரியுது. 30 அடியா 80 அடியான்னு ரீலு கிட்டயே கேக்கணும்.

ரெண்டாவது ஒக்குமா கம்பெனியோட மேக்டா ப்ரோ, 20 சைஸ். மச்சான் கனடாவுல இருந்து வர்றப்ப கொண்டாந்தான். அவன் அங்க ஒன்டாரியோ ஏரியில சால்மன் புடிக்கிறவன், இந்த லைன் கவுண்டர் ரீலுங்களே அந்த மாதிரி பெரிய ஏரிகளுக்குன்னுதான் பெரும்பாலும் வருது. எழுபது அமெரிக்க டாலர் கிட்ட, நம்ம காசுக்கு இருபத்தோராயிரம். 2024 செப்டம்பர்ல 1,350 ரூவான்னு ஆக்குனாங்களே தேயிலைத் தோட்டத்து நாள் சம்பளம், அந்தக் கணக்குல பதினஞ்சு நாளுக்கு மேல பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு) போகணும். சும்மா சொல்லல, வாங்க முன்னாடி இத நான் உண்மையிலயே கணக்குப் போட்டேன்.

ஆனா மேக்டா வந்த புதுசுலயும் நம்பர் தப்பாதான் வந்திச்சு. தோட்டத்து கிரவுண்டுல கோல் போஸ்ட்டுல நூல கட்டிட்டு, கவுண்டர ஜீரோ பண்ணி, 100 வர்ற வரைக்கும் பின்னாடியே நடந்தேன், தம்பி டேப் புடிச்சு அளந்தான். 82 அடி! ரீல் மோசம்னு மச்சானுக்கு வாட்ஸப்புல ரெண்டு நிமிச வாய்ஸ் போட்டேன், அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், "ஸ்பூல் நெறைய சுத்துனியா?" இல்ல. ஸ்பூல்ல, அதான் நூல் சுத்துற உருளையில, காச மிச்சம் புடிக்க பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சுத்தியிருந்தேன்.

விசயம் என்னன்னா அந்தக் கவுண்டர் நூல அளக்குறதே இல்ல, ஸ்பூல் எத்தன சுத்து சுத்துதுன்னுதான் எண்ணுது. ஸ்பூல் நெறஞ்சிருக்கும்போது ஒரு சுத்துக்கு எவ்வளவு நூலு போகும்னு கம்பெனியில ஒரு கணக்கு வச்சிருக்கான். நாம கொறச்சு சுத்துனா ஸ்பூல் மெலிசா இருக்கும், ஒரு சுத்துக்குப் போற நூலும் கொறையும், கவுண்டர் அது தெரியாம பழைய கணக்குலயே எண்ணிட்டுப் போகும். கொழுந்து நிறுக்கிற தராசுல கிலோ கொறையும், இதுல அடி கூடுது, அவ்வளவுதான் வித்தியாசம். நூல் வெளிய போகப் போக ஸ்பூல் இன்னும் மெலியிறதால தூரம் கூடக்கூட பொய்யும் கூடும். விளிம்புக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நெறச்சு சுத்திட்டு திரும்ப கிரவுண்டுக்குப் போயி அளந்தோம், 100க்கு 97 வந்திச்சு. மூணு அடிக்கெல்லாம் மீன் கோவிச்சுக்காது. பிரெய்ட் (பின்னல் நூல்) போடுறவங்க இன்னும் கவனம், அது மெலிசு, என்ன சுத்துனாலும் ஸ்பூல் நெறையாது, அடியில பழைய தங்கூசிய பேக்கிங்கா சுத்திட்டு மேல பிரெய்ட் போடுங்க.

மத்தபடி மேக்டா எப்படி? பாடி லேசு. லெவல் வைண்ட் நூல ஸ்பூல்ல ஒழுங்கா அடுக்குது. டிராக், அதான் மீன் இழுக்கும்போது நூலுக்கு பிரேக் மாதிரி இருக்குறது, எனக்குப் போதும், சால்மனோட சண்ட புடிக்கிறவங்க வேற பாக்கலாம். மீன் நூல இழுத்தா கேக்குற கிளிக்கர் சத்தம் நல்லா கேக்குது, இது சின்ன விசயமில்ல, ராட்ட (தூண்டில் கம்ப) ஹோல்டர்ல வச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கும்போது அந்த சத்தந்தான் காவல். திரும்ப சுத்தும்போது நம்பர் கொறஞ்சிட்டே வரும், 10 அடி வந்ததும் நிறுத்திறலாம், லூரக் கொண்டுபோயி ராட் நுனியில மோத வைக்க மாட்டீங்க. நூல் விடும்போது மட்டும் ஸ்பூல்ல பெருவெரல வச்சு மெதுவா விடுங்க, இல்லன்னா சிக்கு விழுந்து அன்னைக்கு பூரா அதத்தான் பிரிச்சிட்டு இருப்பீங்க.

கடையில பாத்தா டைவா அக்யூடெப்த் ப்ளஸ் இருக்கு, 17, 27, 47ன்னு சைஸ் வரும், நம்பர் பெருசானா நூலும் கூடப் புடிக்கும், இது மேக்டாவுக்கு நேர் போட்டி, கையில கெடைக்கிறத வாங்கலாம். கொஞ்சம் காசு இருந்தா ஒக்குமா கோல்ட் வாட்டர், அதுல டிராக் கார்பன். ஷிமானோ டெக்கோட்டா மச்சான்கிட்ட இருக்கு, கைப்பிடி சுத்திப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி இருந்திச்சு, வெல 200 டாலருக்கு மேல, திருப்பிக் குடுத்துட்டேன்.

மவுசாக்கலையில மீனு எப்படின்னு கேப்பீங்க. உண்மைய சொன்னா மீன்புடி சங்கத்துப் போட்டுல அனுமதி வாங்கிட்டுப் போயி, சின்ன ஸ்பின்னருக்கு (சுழலுற லூருக்கு) ரெண்டு திலாப்பியா, அவ்வளவுதான். மண்புழு போட்டு கரையில உக்காந்தவரு அன்னைக்கு ஏழு புடிச்சாரு. ஆனா எனக்கு அங்க கவுண்டர் வேற வேலைக்கு ஒதவுச்சு. அந்தத் தண்ணிக்கடியில பழைய மஸ்கெலியா டவுனே இருக்கு, தண்ணி வத்துற காலத்துல பழைய கோயிலெல்லாம் மேல தெரியும், நாம இழுக்குற லூரு எதுல போயி மாட்டுதுன்னு சாமிக்குத்தான் வெளிச்சம். 70 அடி விட்டா ஒரு எடத்துல கண்டிப்பா மாட்டுது, 50 விட்டா மேல தப்பிச்சு வந்துருது. மூணு லூர காவு குடுத்தப்புறம் இத சிகரட் அட்டையில எழுதி வச்சேன், அதுக்கப்புறம் அங்க ஒன்னும் போகல.

சித்திரை லீவுல திருகோணமலைக்கு கொண்டுபோனேன். போட்டுக்கார அண்ணன் கவுண்டரப் பாத்துட்டு, "தம்பி, என்ர கை இருக்கேக்க உந்தப் பெட்டி என்னத்துக்கு"ன்னாரு. அவங்க கணக்கு பாகம், ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், ஆறு அடி. சரின்னு கவுண்டர மூடிப் புடிச்சுக்கிட்டு இருவது பாகம் விடச் சொன்னேன். இழுத்து இழுத்து விட்டாரு, வெரல எடுத்துப் பாத்தா 121. 120 வரணும். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே. அன்னைக்கு ஒரு பாரை கெடச்சது அதே இருவது பாகத்துலதான். உப்புத் தண்ணியில போட்டுட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில மெதுவா கழுவிக் காய வைங்க, இந்த வெலைக்கு வர்ற ரீலு உப்பத் தாங்கும்னு நம்பாதீங்க. அடுப்புக்கு மேல மட்டும் வேணாம்.

இப்ப எனக்கு இன்னொன்னு வேணும், அதே 20 சைஸ், அதே நூலு, அதே அளவு சுத்துனா தான் ரெண்டு ராட்டும் ஒரே நம்பர் சொல்லும். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் யார்கிட்டயாச்சும் சும்மா கெடந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன், கண்ணாடி மட்டும் தெளிவா இருக்கணும்.