காசு கொடுத்த ஆன்டிவைரஸா, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரா?

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பிரின்ட், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளம், ஜார்க்கண்ட் ஆட்கள் ரிப்போர்ட்டை பென்டிரைவில் கொண்டுவருவார்கள். நாள் முழுக்க யார் யாருடைய பென்டிரைவோ என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். அதனால் கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ், இன்னொன்றில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்று இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தேன். இப்போது இரண்டிலும் டிஃபெண்டர்தான்.

வைரஸைப் பிடிப்பதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இங்கே அதிகம் வருவது ஷார்ட்கட் வைரஸ். பென்டிரைவைத் திறந்தால் ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கும். அசல் ஃபைல்கள் மறைந்து கிடக்கும். அதை இரண்டுமே பிடித்தன. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைகளிலும் டிஃபெண்டர் பாதுகாப்புக்கு 6-க்கு 6 பலமுறை வாங்கியிருக்கிறது. வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது ரின்யூவல். வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திரையின் வலது மூலையில் சிவப்புக் கட்டம் வர ஆரம்பிக்கும். 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது' என்று நாளுக்கு நாலு முறை. ஆபத்து ஒன்றும் இல்லை, தேதி நெருங்குகிறது, அவ்வளவுதான். காசுகூடப் பெரிதில்லை. இந்த மிரட்டலுக்குக் கண் பழகிவிடுகிறதே, அதுதான் கெடுதல்.

போன வருடம் சத்துவாச்சாரியிலிருந்து மாமா ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தார். "மாப்ளே, வைரஸ் அஞ்சு இருக்காம், இன்னிக்கே பணம் கட்டச் சொல்லுது, கார்டை எடுத்துட்டேன்." தொடாதீங்க மாமா என்று சொல்லிவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் அது குரோம் நோட்டிஃபிகேஷன். ஏதோ சினிமா தளத்தில் 'அலோ' என்று அழுத்தியிருக்கிறார். அங்கிருந்து ஆன்டிவைரஸ் பெயரையே போட்டு அனுப்புகிறார்கள். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை எடுத்ததும் நின்றுவிட்டது. "உன் கடையில வர்றதும் இதே மாதிரிதானேப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதே மூலை, அதே சிவப்பு, அதே அவசரம். நிஜமானவன் பயமுறுத்தியே பழக்கிவிட்டால் போலி எது என்று வயதானவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? டிஃபெண்டரில் காலாவதி கிடையாது. அதன் பெயரில் பணம் கட்டச் சொல்லி எது வந்தாலும் பொய் என்று மாமாவிடம் ஒரே வரியில் சொல்லிவிட முடிந்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லியும் எழுதி ஒட்டினேன்.

காவலுக்கு வைத்தவனே விற்ற கதையும் உண்டு. பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போகிறார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது அமெரிக்க வணிக ஆணையம், 2024-ல்.

டிஃபெண்டரிலும் குறை இருக்கிறது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரிலிருந்து ஃபோல்டர்களைக் காக்கும் வசதி அணைந்தேதான் வரும்; நாமே போட வேண்டும். போட்டதும் என் பழைய டிடிபி மென்பொருள் டாக்குமென்ட்ஸில் சேமிக்க முடியாமல் நின்றது, அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தேன். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் விண்டோஸை மாற்றுவதைப் பார்க்க வேண்டும்.

முப்பது நாற்பது கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸுக்கு எது சரி என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. ரான்சம்வேரும் என் கடைக்கு இதுவரை வந்ததில்லை. வந்தால் டிஃபெண்டர் தாங்குமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதனால் ஷட்டர் இறக்கும் முன் அன்றைய வேலையை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, வயரைப் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுகிறேன்.